விலைக்கு வாங்கிய வெயில்

கரிசல் பூமியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெயில் கேட்காமலே கிடைப்பது, கொஞ்சம் குறைந்தால் தேவலை என்று ஊரே முணுமுணுப்பது. கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் கிராமத்தில் சித்திரை பிறந்துவிட்டால், செருப்பில்லாத கால்களோடு கடைக்கு ஓடும் பிள்ளைகள் நாங்கள் வேப்பமர நிழலிலிருந்து புளியமர நிழலுக்கும், அங்கிருந்து கோயில் சுவரின் ஒரு முழ நிழலுக்கும் தாவித் தாவித்தான் போவோம். அந்த வெயிலை யாரோ நீளக் கண்ணாடிக் குழலுக்குள் அடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று குறிப்பும் எழுதி விற்பார்கள், அதை நான் சிட்னியில் ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கி இரண்டு கைகளிலும் ஏந்தி வருவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் ஊரே கூடிச் சிரித்திருக்கும். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் குழல்விளக்கு இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் இன்று ஓர் உயிர் எலும்பு ஊன்றி நிற்க முடியாது என்பதும் உண்மை.

நம் தலைமுறையில் பிராணி வளர்ப்பு தீப்பெட்டியில் தொடங்கியது. உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் வட்டாரத்தில் தீப்பெட்டிக்குப் பஞ்சமே இல்லை; கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று சுற்றிலும் தீப்பெட்டி ஆபீஸ்கள், வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் பெட்டி ஒட்டுபவர். மழை பெய்து வேலமரங்கள் துளிர்க்கிற காலத்தில் பொன்வண்டு வரும். பச்சையும் பொன்னுமாக மினுங்கும் அதன் கழுத்தைப் பார்த்ததும் பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம், அப்பாவின் குரல் எல்லாமே மறந்துபோகும். காலித் தீப்பெட்டியில் கருவேல முள்ளால் நான்கு துளை போட்டு, கிள்ளிய வேல இலையைப் பரப்பி, வண்டை உள்ளே விட்டு மூடி, ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தால், இருட்டில் அது அட்டையைச் சுரண்டுகிற சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ மெத்தைகளில் படுத்திருக்கிறேன். அந்தச் சுரண்டல் சத்தத்தைக் கேட்டபடி வந்த தூக்கம் மட்டும் பிறகு வரவில்லை. காலையில் பெட்டியைத் திறக்கும்போது வெளிர்மஞ்சள் முட்டை ஒன்று கிடந்துவிட்டால் அன்றைக்குத் தெருவில் நாம்தான் ராஜா. சில நாளில் வண்டு அசையாமல் கிடக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் சொல்வதற்கும் ஆளில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் கண்மாய்த் தண்ணீரோடு வந்த கெண்டைக்குஞ்சுக்கும் அதே கதைதான்.

ஓணானுக்கு மட்டும் பெட்டி கிடையாது. அதற்கு வேலி போதும். எங்கள் தெருக்கோடியில் ஒரு தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. காலையில் ஓணான்கள் அதன் கிழக்குப் பக்கத்துக் குச்சிகளில் உடம்பைத் தட்டையாக்கி வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருக்கும், உச்சி வேளையில் இலைகளுக்கு நடுவே போய்விடும், சாயங்காலம் மேற்குப் பக்கம் வந்து தலையை மேலும் கீழும் ஆட்டும். ஆணுக்குக் கோபம் வந்தாலோ காதல் வந்தாலோ தொண்டை ரத்தச் சிவப்பாகும். ஓலை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு, மூச்சை அடக்கி, அதன் கண் நம்மை ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்துப் பக்கம் மெல்ல நீட்டுவது அந்த வயதின் பெரிய வித்தை. அதில் தேர்ந்த அண்ணன்மார்களுக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகளின் ஊர்வலமே போகும். ஓணானைப் பற்றிப் பெரியவர்கள் சொன்ன கதை ஊருக்கு ஊர் மாறினாலும், நாங்கள் கேட்ட ஒவ்வொன்றிலும் அதற்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சியது. ஆனாலும் ஒரு மத்தியானம் முழுவதும் வேலி ஓரம் குந்தி உட்கார்ந்து, அது எப்போது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த பையன்களும் இருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

காலம் ஓடி, மகள் குடும்பத்தோடு சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில்லில் வந்து தங்கியிருக்கிறோம். ஒரு நாள் பேத்தி மெல்ல வந்து, "தாத்தா, எனக்கு ஒரு பியர்டட் டிராகன் வேணும்" என்றாள். படத்தைக் காட்டினாள். பார்த்ததுமே அந்தத் தலையும், பக்கவாட்டில் நம்மை அளக்கும் அந்தக் கண்ணும், குச்சியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கும் அந்தத் தோரணையும் எனக்குத் தெரிந்தவைதான். கழுத்தைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி, உடம்பு நம் ஊரானைவிடப் பெரிது. பக்கத்தில் எட்டிப் பார்த்த என் மனைவி, "வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையா, இத வீட்டுக்குள்ளயே கொண்டாந்து வைக்கப் போறீகளா?" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்குத் தாடி ஓணான் என்றே பெயர்.

உண்மையிலேயே சொந்தக்காரன்தான். நம் ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். 1926இல் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஆல் இதை விவரித்துப் பெயரிட்டார். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பாதியின் உள்நாட்டு வறண்ட நிலம் இதன் ஊர். அங்கே நெடுஞ்சாலை ஓரத்து வேலிக்கம்பங்களின் உச்சியில் ஏறி உட்கார்ந்து வெயில் காய்வதை வண்டியில் போகிறவர்கள் பார்க்கலாம். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம் பாட்டிகள் சொன்னது இந்த மண்ணுக்கும் பொருந்துகிறது.

ஆனால் இங்கே ஈர்க்கும் சுருக்கும் செல்லாது. நியூ சவுத் வேல்ஸில் இதை வீட்டில் வளர்க்க மாநில அரசின் உரிமம் வேண்டும், உரிமம் கேட்பவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும், காட்டிலிருந்து பிடிக்கக் கூடாது, முறையாக வளர்ப்பவர்களிடமிருந்துதான் வாங்க வேண்டும். உரிமம் மகள் பெயரில் வந்தது. ஓர் ஓணானுக்காக அரசாங்கம் காகிதம் கொடுக்கும் என்பதை ஊரில் என் வயதுக்காரர்களிடம் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் நீண்ட நேரம் பேச்சே இல்லை. எனக்கு அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. ஊர்ந்து போகிற ஒன்றுக்கும் கணக்கில் ஓர் இடம் இருக்கிறது.

பெட்டி செய்யும் வேலை மருமகனுக்கும் எனக்கும். கடையில் ஆரம்பிப்பவர்களுக்கு என்று சின்னக் கண்ணாடித் தொட்டியும் விளக்கும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார்கள். குட்டிக்கு அது போதும், ஆனால் மூக்கிலிருந்து வால்நுனி வரை 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை வளரப்போகிற உயிர், திரும்பி நிற்கவாவது வேண்டாமா? 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம், இதற்குக் குறையக் கூடாது என்பது அனுபவசாலிகள் சொல்லும் கணக்கு. அதைவிடப் பெரிதாக இருந்தால் நல்லதே தவிரக் கெடுதல் இல்லை. பிளைவுட் பலகையில் உடம்பு, முன்பக்கம் தள்ளித் திறக்கிற கண்ணாடி, இரண்டு பக்கமும் காற்றோட்டத்துக்குக் கம்பிவலை. மேலிருந்து கை நீட்டினால் வானத்திலிருந்து இறங்கும் பருந்து என்று பயந்து ஒடுங்கும், ஆகையால் கதவு முன்பக்கம் இருப்பதே நல்லது என்று மருமகன் எங்கோ படித்து வந்து சொன்னார். வேலி ஓரம் உட்கார்ந்திருந்த பையனுக்கும் அது தெரியும்; நிழல் மேலே விழுந்தால் ஓணான் இருக்காது.

பெட்டியை விட முக்கியம் அதற்குள் இருக்கும் வெயில். இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அந்த வேலையில்தான் என் பழைய கிளுவை வேலி எனக்கு முதல் முறையாக விளங்கிற்று. ஊர்வனவற்றுக்கு உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள வராது. வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும், போதுமென்றால் விலகிப் போக வேண்டும். அதனால் பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருந்தால் அது சிறை. ஒரு முனையில் ஹாலஜன் விளக்கு, அதன் கீழே தட்டையான கல், கல்லின் மேற்பரப்பில் 40 டிகிரி செல்சியஸ் பக்கம் வெப்பம். மறு முனையில் 25 டிகிரியை ஒட்டிய குளுமை, ஒளிந்துகொள்ள ஒரு குகை. நடுவில் எங்கே இருப்பது என்பது அதன் விருப்பம். காலையில் கிழக்குக் குச்சி, உச்சியில் இலைமறைவு, மாலையில் மேற்குக் குச்சி என்று எங்கள் ஊர் ஓணான் நடத்திய நாளின் மொத்த ஏற்பாடும் இந்த நாலடிக்குள் வந்து அடங்க வேண்டும். அந்த வேலியில் யாரும் தெர்மோஸ்டாட் வைக்கவில்லை. இங்கே ஒன்று இருக்கிறது, சூடு ஏறினால் விளக்கை மங்கச் செய்கிறது. கல்லின் சூட்டைத் துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்பு வெப்பமானியால் குறிபார்த்து அளக்கிறோம், அளப்பது பேத்தியின் வேலை. நான் அந்த வயதில் உள்ளங்காலால் அளந்தேன். கீழிருந்து மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கற்களும் விற்கிறார்கள். அவை வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும், வாங்காதீர்கள். வெயில் மேலேயிருந்துதான் வர வேண்டும்.

இனி அந்தக் குழல்விளக்கு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரில் யூவிபி என்ற பகுதி தோலில் பட்டால்தான் இதன் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேரும். இல்லாவிட்டால் தாடை மெத்தென்றாகி, கால் வளைந்து, நடக்க முடியாமல் போகும். சாளரத்து வெயில் போதாதா என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. போதாது, சாதாரணக் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடுகிறது, சன்னமான கம்பிவலைகூடக் கணிசமாகக் குறைத்துவிடும். அதனால் நீண்ட டி5 வகைக் குழல்விளக்கைப் பெட்டிக்கு உள்ளேயே, பாதி நீளத்துக்கு மேல் வெளிச்சம் விழும்படி, வெப்ப விளக்கின் பக்கத்திலேயே பொருத்தினோம். வெளிச்சமும் சூடும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால்தானே அது வெயில்! ஓராண்டு கழித்தும் விளக்கு பிரகாசமாகத்தான் எரியும், ஆனால் யூவிபி குறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அந்த 12 மாதக் குறிப்பு. கோடையில் நீளப் பகல், குளிர்காலத்தில் குறுகிய பகல் என்று நேரத்தை மாற்றி வைக்கிறோம். ராத்திரி நல்ல இருட்டு வேண்டும், சிவப்பு விளக்கு நீல விளக்கு எதுவும் தேவையில்லை. சிறு வயதில் எங்கள் கிராமத்து இருட்டு எவ்வளவு கெட்டியானது என்று நான் சொல்லச் சொல்லப் பேத்தி கேட்டுக்கொண்டிருப்பாள்; தெருவிளக்கு விடிய விடிய எரிகிற இந்த ஊரில், அந்தப் பெட்டிக்குள் மட்டும் கொஞ்சம் இருட்டை நாங்கள் திரை போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

தரைக்குக் கரகரப்பான ஓடு பதித்தோம். குட்டிக்கு மணல் வேண்டாம், இரையோடு சேர்த்து விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். ஏறிப் படுக்க ஒரு முரட்டுக் கிளை. கல் தேடத்தான் நாள் பிடித்தது. சிறு வயதில் கழுகுமலைக்குப் போகும்போதெல்லாம் மலைப்பாறையில் பொழுது சாய்ந்த பிறகும் உட்கார முடியாத சூடு இருக்கும், அந்தச் சூட்டில் ஓணானும் அரணையும் கடைசி வெளிச்சம் வரை அசையாமல் கிடக்கும். அப்படிச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற கருங்கல் பலகைதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். தோட்டச் சாமான் விற்கும் இடத்தில் கிடைத்தது. மிளகு, அதுதான் பேத்தி வைத்த பெயர், வந்ததும் பெட்டியை ஒரு சுற்று பார்த்துவிட்டு நேராக அந்தக் கல்லில் ஏறி, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து படுத்துக்கொண்டது. வாய் திறப்பது சூட்டைச் சமன்செய்துகொள்ள.

சாப்பாடு வேறு உலகம். எங்கள் ஊரில் மழைக்கால ராத்திரிகளில் விளக்கைச் சுற்றிப் பாச்சைகள் வந்து விழும், துடைப்பத்தால் கூட்டி வெளியே தள்ளுவோம். இங்கே அவற்றை டப்பாவில் எண்ணி விற்கிறார்கள், வாங்கி வந்து, கேரட்டும் கீரையும் கொடுத்துக் கொழுக்க வைத்து, சுண்ணாம்புச்சத்துப் பொடியில் புரட்டிப் போடுகிறோம். குட்டியாக இருக்கும்போது பூச்சிதான் அதிகம், வளர வளர இலைதழை கூடி, முழுதாக வளர்ந்தபின் தட்டில் பெரும்பங்கு கீரையாகவே இருக்க வேண்டும். பாலக்கீரையில் ஆக்ஸலேட் அதிகம் என்பதால் எப்போதாவது ஒரு இலை. அவகாடோ கூடவே கூடாது. எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் காலையில் பூக்கிற முதல் பூ இப்போது சாமிக்கா மிளகுக்கா என்று என் மனைவிக்கும் பேத்திக்கும் தினமும் பேச்சு நடக்கிறது. ஓணானை வீட்டுக்குள் விடுவதா என்று கேட்டவள், அன்றாடம் அந்தச் செம்பருத்தி இதழை விரல் நுனியில் நீட்டி ஊட்டுகிறாள், ஊட்டிவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். சால்மோனெல்லா கிருமி ஊர்வனவற்றின் உடம்பில் இருக்கக்கூடும், குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தக் கை கழுவலை மறக்கவே கூடாது.

ஜூன், ஜூலையில் மிளகு சோம்பிப் போய், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காமல், குகைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். குளிர்கால உறக்கம். முதல் முறை பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள், கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டால் மனம் நிம்மதியாகும். மற்ற நாட்களில் அது முன்னங்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாக அசைக்கும், அடங்கிப் போகிறேன் என்பதற்கான சைகை அது. கோபம் வந்தால் தாடி கறுக்கும், தலை ஆடும். சிவந்த தொண்டையோடு கிளுவையில் தலையாட்டியவனை அப்போது எனக்குப் பக்கத்திலேயே பார்த்த மாதிரி இருக்கும். துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று பேத்தி கேட்டாள். வேண்டாம் என்றோம். ஒரே பெட்டியில் இரண்டிருந்தால் பலமானது கல்லையும் வெயிலையும் பிடித்துக்கொள்ளும், மற்றது ஓரத்தில் வாடும்.

வெப்பம் இந்தப் பிராணிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கான்பெரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை காட்டியது. முட்டைகள் 32 டிகிரிக்கு மேல் சூடான மண்ணில் கிடந்தால், ஆணுக்குரிய குரோமோசோம்களோடு உருவான கருக்கள்கூடப் பெண்ணாகவே பொரிகின்றன, பிறகு முட்டையிட்டு வம்சமும் வளர்க்கின்றன. ஆய்வகத்தில் மட்டுமல்லாமல் காட்டிலேயே இது நடப்பதை அவர்கள் கண்டார்கள். இதைப் பேத்தி எனக்குப் படித்துச் சொன்ன அன்று, மழை பெய்த மறுநாள் வேலி ஓரத்து ஈர மண்ணைக் கால்களால் தோண்டி முட்டையிட்டு, தலையால் மண்ணை இடித்து மூடிவிட்டுப் போன பெண் ஓணானைப் பற்றி நான் அவளுக்குச் சொன்னேன். எனக்கு அவள் சொன்னது புதிது, அவளுக்கு நான் சொன்னது புதிது.

இப்போது ஊருக்குப் போனால் அந்தக் கிளுவை வேலி இல்லை. காம்பவுண்டுச் சுவர் வந்துவிட்டது, அதற்கு மேல் கம்பி. நேரான சுவரில் நுழைந்து மறைய இலையேது? பிள்ளைகள் கையில் ஈர்க்கு இல்லை என்பதில் ஓணானுக்கு லாபம், ஆனால் பிள்ளைகளின் கண்ணிலிருந்தும் ஓணான் போய்விட்டது. வென்ட்வொர்த்வில்லிலோ கோடையில் எங்கள் கரிசலை மிஞ்சிய வெயிலும் அடிப்பதுண்டு. 2020 ஜனவரி 4 அன்று மேற்கே பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. ஜனங்கள் ஏசிக்குள் அடைந்துகொள்ளும் அப்படிப்பட்ட நாட்களை விட்டுவிட்டு, இதமான காலைகளில் மிளகைக் கம்பிவலைக் கூண்டில் புல்வெளிக்குக் கொண்டுபோகிறோம், நிழலும் பக்கத்தில் இருக்கும்படி. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும், அதை யாரும் செய்ய வேண்டாம். புல்வெளியில் நிஜச் சூரியன் பட்டதும் அதன் மஞ்சள் இன்னும் மஞ்சளாகிறது. நாங்கள் பலகையும் குழலும் தெர்மோஸ்டாட்டும் வைத்துக் கட்டியது நல்ல வீடுதான். ஆனால் இந்த நிறம் அதற்குள் வருவதில்லை. பேத்தி அப்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, மணிக்கணக்கில் அது எங்கே பார்க்கிறது, எப்போது நிழலுக்கு நகர்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பாள். வேலி ஓரத்து மத்தியானம் அவளுக்கும் கிடைத்துவிட்டது என்று எனக்குப் படுகிறது, ஆனால் தலையணைக்கடியில் கேட்ட அந்தச் சுரண்டல் சத்தம் அவளுக்குக் கிடைக்கப்போவதில்லை.

இதைப் படித்துவிட்டுத் தாடி ஓணான் வாங்க நினைக்கிற, இங்குள்ள நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் உங்களோடு இருக்கப்போகிற உயிர் அது; இன்று கேட்கிற பிள்ளை கல்லூரிக்குப் போனபின் யார் பார்த்துக்கொள்வது என்பதை வீட்டில் முதலில் பேசி முடிவு செய்யுங்கள். உரிமத்தை வாங்குங்கள். பிறகு பெட்டியைச் செய்து, விளக்குகளைப் பொருத்தி, ஒரு வாரம் காலியாகவே எரியவிட்டு, இரண்டு முனைகளிலும் காலையும் மாலையும் வெப்பத்தை அளந்து பாருங்கள். எண்கள் நிலைப்பட்ட பிறகு மட்டும் அதை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.